கணினி நிரலும் கணக்கேடும்

(குன்றக்குடியில் நடைபெற்ற நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துப் பிழைக்கும் யாம் கணினியைப் பற்றிப் பேசத் துணிந்தது உங்களுட் சிலர்க்கு வியப்பையும், சிலர்க்கு நகைப்பையும் விளைத்தல் கூடும். சங்கச் செயலாளர் அவர்கள் எம்மை அழைத்தபொழுது, குன்றின் அடியிலே கூடும் கூட்டமாதலின் குமரன் புகழ் கூறும் நூல் ஒன்றைப் பற்றியே பேசுவோம் என எதிர்பார்த்திருந்தார். யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கூறியதும் சிறிது நேரம் வாளாவிருந்து, "ஐயா, அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படுமா?" என்று வினவினார். அது நேரிய வினா. இப்பேச்சு முழுதும் அதற்கு யாம் கூற முயலும் விடையேயாகும்.

முன்னாளிற் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிய வயதிலே இந்நாளைப் பிள்ளைகள் கணினி கற்கப் புகுகின்றனர். "எம்மொழி கற்றால் வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் எம்மிடத்தும் கேட்கின்றனர். ஜாவா என்றும் பைத்தான் என்றும் விடை எளிதிற் கிடைத்துவிடுகின்றது. ஆயின், மொழி எது என்னும் வினாவினும் நடை எது என்னும் வினா பெரிது என்பது எம் கருத்து. ஒரே தமிழில் ஒருவன் தெளிவாகவும் எழுதலாம், பிறர்க்கு விளங்காமலும் எழுதலாம் அன்றோ? நிரல் எழுதுதற்கண்ணும் அவ்வாறே நடை வேற்றுமை உண்டு. அந்நடைகளுள் ஒன்று, நெடுங்காலம் பல்கலைக்கழக அறைகளுள் அடங்கிக் கிடந்து, இன்று பணம் கைம்மாறும் இடங்களிலே வந்து அமர்ந்திருக்கின்றது. செயற்கூற்று நடை என்று யாம் அதனை வழங்குவோம்.

யாம் இதனை அறிய நேர்ந்தது தற்செயலே. சில ஆண்டுகட்கு முன்னர் எம் பள்ளியின் கணினியாசிரியர் நீண்ட விடுப்பிற் சென்றார். பன்னிரண்டாம் வகுப்பினரை அப்பாட வேளையிற் கூச்சலின்றி வைத்திருக்கும் பணி எம்மிடம் வந்தது. சும்மா இருத்தல் இயலாமையின், 2019-ஆம் ஆண்டில் வெளியான அவர்தம் கணினி அறிவியற் பாடநூலைக் கையிலெடுத்து முதற் பாடத்தைப் படித்தோம். அப்பாடத்தின் பெயரே 'செயற்கூறு'. தூய செயற்கூறு என்பது யாது, தூய்மையற்றது யாது என்று அதிலே விளக்கியிருந்தனர். கொடுத்த உள்ளீடு ஒன்றாயின் வரும் விடையும் என்றும் ஒன்றாதல் வேண்டும். விடை தருவதன்றித் தனக்குப் புறம்பான எதனையும் அது மாற்றுதல் கூடாது. இவையிரண்டும் அமைந்தது தூயது. படித்ததும் எம் உள்ளம் துள்ளிற்று. "இஃது எங்கே வழங்குகின்றது?" என்று மாணாக்கரை வினவினோம். முன் வரிசையிலிருந்த பையன் எழுந்து, "ஐயா, அது பரீட்சைக்கு வரும் வினா. மனப்பாடம் செய்துவிட்டோம்" என்றான். வகுப்பிற்கு அவ்வளவே தெரியும்.

எம் உள்ளம் துள்ளியதன் காரணத்தைக் கூறுவோம். யாம் இருபதாண்டுக்கு மேலாகக் கற்பித்துவரும் புணர்ச்சி விதியும் இதுவே! நிலைமொழி 'பொன்', வருமொழி 'குடம்', இரண்டும் வேற்றுமைப் பொருளிற் புணர்கின்றன எனின் 'பொற்குடம்' என்றே முடியும். காலையிற் புணர்ப்பினும் மாலையிற் புணர்ப்பினும், காரைக்குடியிற் புணர்ப்பினும் கோலாலம்பூரிற் புணர்ப்பினும் முடிபு ஒன்றே. 'மரம்' என்பதும் 'வேர்' என்பதும் சேர்ந்து 'மரவேர்' ஆயின பின்னரும், 'மரம்' என்னும் சொல் அகராதியிலே மகரம் கெட்டு நிற்பதில்லை. அது பழையபடியே இருக்கின்றது. புதிதாக ஒரு சொல் பிறந்தது, அவ்வளவே.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. 'பொன் பெரிது' என்னும்பொழுது னகரம் திரிவதில்லையே எனின், ஆங்குள்ளது அல்வழிப் புணர்ச்சி. ஆகவே உள்ளீடு இரண்டல்ல, மூன்று: நிலைமொழி, வருமொழி, அவற்றிடையேயுள்ள பொருளியைபு. மூன்றையும் வெளிப்படக் கையிற் கொடுத்துவிட்டால் விதி ஒருநாளும் பிறழாது. மூன்றாவதை மறைத்துவைத்தால், ஒரே விதி ஒருகால் ஒன்றும் ஒருகால் மற்றொன்றும் சொல்லுவதுபோலத் தோன்றும். இந்நுட்பத்தை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர்க் கூறப்போகும் ஒரு பெண்மணியின் வளையல் இதனைச் சார்ந்தே இருக்கின்றது.

பெரும்பான்மையான நிரல்கள் ஏவல் நடையில் எழுதப்படுவன. இப்பெட்டியில் இருப்பதை எடு, இதனைக் கூட்டு, பழையதை அழித்துப் புதியதை அங்கேயே வை, அடுத்த பெட்டிக்குச் செல். இவ்வாறு கட்டளைகளாக அமையும். அப்பெட்டிகளுக்கு 'மாறி' என்று பெயர். பெயரிலேயே அவற்றின் குணம் இருக்கின்றது. நிரல் சிறிதாயின் இந்நடையால் தீங்கில்லை. பெரிதாகி, நூறு இடங்களிலிருந்து நூறு பேர் ஒரே பெட்டியைத் திறந்து மாற்றத் தொடங்கின், யார் எப்பொழுது எதனை மாற்றினர் என்பதை அறிதல் அரிது. செயற்கூற்று நடையிலோ, ஒன்றை மாற்றுவது என்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் காண்பதே உண்டு. சிறு விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பெரிய விதி செய்வர். ஒரு விதியையே பொருள்போல எடுத்து மற்றொரு விதியிடம் கொடுத்து, 'இதனை ஏடு முழுதும் செலுத்துக' என்பர்.

இனி வளையற் கதைக்கு வருவோம். எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் பொறியியல் முடித்து, வெளியூர்க்குச் செல்லாமல், இரு தோழருடன் காரைக்குடியில் ஓர் அறை எடுத்து, சிறு கடைகளுக்கு நிரல் எழுதிக்கொடுத்து வருகின்றார். ஒரு தைப்பூசத்திற்கு முன், பழநிக்குப் புறப்படும் காவடிகள் இக்குன்றக்குடியில் வந்து கூடிய நாளிலே, தண்ணீர்ப் பந்தலில் நின்றுகொண்டிருந்த அவரைக் கண்டோம். முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டபொழுது, அவர் எழுதிக்கொடுத்த நிரலால் நகையடகுக் கடை ஒன்றில் நேர்ந்த நிகழ்ச்சியைக் கூறினார்.

ஒரு பெண்மணி இரண்டு வளையலை அடகு வைத்து 40,000 ரூபாய் பெற்றிருந்தார். வட்டி மாதத்திற்கு நூற்றுக்கு 1 ரூபாய். எட்டாம் திங்கள் முடிவில் மீட்கக் கருதி, எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிக் கேட்டார். கடையில் அச்சிட்டுக் கொடுத்த சீட்டில் வட்டி 3,200 என்று இருந்தது. ஒரு வாரம் அலைந்து 43,200 ரூபாயைத் திரட்டிக்கொண்டு வந்தார். அந்த ஒரு வாரத்திற்குள், புதிதாக வைக்கும் அடகுகளுக்கு வட்டியை நூற்றுக்கு 1.25 என்று கடைக்காரர் உயர்த்தி, நிரலிலே ஓரிடத்தில் அதனை மாற்றியிருந்தார். பெண்மணி வந்து சீட்டைக் கொடுத்ததும் கணினி 4,000 வட்டி என்றது! அதே கடன், அதே எட்டுத் திங்கள், 800 ரூபாய் வேற்றுமை. அந்த அம்மையார் சண்டையிடவில்லை. பணத்தைக் கையிற் பிடித்தபடியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். கடைக்காரர் நாணயமானவர். தம் தந்தையார் செய்தவாறு தாளிலே கையாற் கணக்கிட்டு, 3,200 மட்டும் பெற்று வளையலைக் கொடுத்தனுப்பினார். பின்னர் நிரலெழுதியவரை அழைத்து, "தம்பி, உன் கணினி நேற்று ஒன்று சொல்கிறது, இன்று ஒன்று சொல்கிறது. என்னைத் திருடன் ஆக்கிவிடாதே" என்றார்.

பிழை எங்கே நேர்ந்தது? வட்டியைக் காணும் கூறு, முதலையும் திங்களையும் மட்டும் கையிற் பெற்று, வீதத்தைப் புறத்தேயுள்ள ஒரு பெட்டியிலிருந்து தானே எட்டி எடுத்துக்கொண்டது. அப்பெட்டியை எவரும் எப்பொழுதும் மாற்றலாம். வேற்றுமையா அல்வழியா என்பதை மறைத்து வைத்துப் 'பொன்' என்பதைப் புணர்க்கச் சொன்னது போன்றதே இது. ரங்கூன் மொகல் தெருவிலே நம்மவர் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டி வகுத்த காலத்தில், ஒவ்வொரு மாதத்திற்கும் உரிய வீதத்தை அந்தந்த மாதத்துடன் சேர்த்தே கணக்கிட்டனர். இம்மாத வீதத்தை எடுத்துச் சென்ற ஆண்டின் கணக்கின்மேல் எந்த மேலாளும் ஏற்றியதில்லை. ஏற்றியிருப்பின் பெட்டிச் சாவி அவர் கையில் இருந்திராது!

பிள்ளைகளே, உங்கள் பாட்டனார் காலத்துப் பேரேடு வீட்டிலிருந்தால் எடுத்துப் பாருங்கள். எழுதிய பதிவைச் சுரண்டி அழித்துப் புதிது எழுதியிருப்பதைக் காணமாட்டீர்கள். பிழை நேர்ந்திருப்பின் அதனை அவ்வாறே விட்டு, பின்னொரு நாளில் எதிர்ப்பதிவு எழுதியிருப்பர். இருப்பு என்பதும் தனியே எழுதிவைத்து அவ்வப்பொழுது திருத்தும் பொருளன்று. முதற் பதிவிலிருந்து பற்றையும் வரவையும் முறையே கூட்டிக் கழித்துக் காணும் பொருள். ஐயம் எழுந்தால் மீண்டும் கூட்டலாம். எத்தனை முறை கூட்டினும் அதே தொகை வரும். ஐந்தொகை நேரானது என்று உறுதி சொல்லக் கூடியது இதனாலேதான். செயற்கூற்று நடையினர் மாறாப் பொருள் என்று கூறுவதும், மடித்துக் கூட்டல் என்று கூறுவதும் இவையே. அவர்கள் நம் ஏட்டைப் பார்த்துக் கற்றனர் என்று யாம் கூறவில்லை. அவ்வாறு பெருமை பேசுவோர் பேச்சில் எமக்கு விருப்பமும் இல்லை. பணத்தைக் காக்க வேண்டும் என்னும் ஒரே நெருக்கடி ஒரே வழியைக் காட்டிற்று எனலே பொருந்தும்.

பிரேசில் நாட்டிலே 2013-ஆம் ஆண்டில் தோன்றிய நூபாங்க் என்னும் வங்கி இதற்குத் தக்க சான்று. கிளைகளே இல்லாமல் கைப்பேசி வழியே நடக்கும் அவ்வங்கி, 2024-ஆம் ஆண்டில் 10 கோடி வாடிக்கையாளரைக் கடந்தது. அதன் நிரல்கள் குளோஜர் என்னும் செயற்கூற்று மொழியில் எழுதப்படுவன. அம்மொழியை 2007-இல் வெளியிட்டவர் ரிச் ஹிக்கி. கணக்குகளை வைக்கும் பண்டகமாகிய டேட்டாமிக் என்பதும் அவர் வகுத்ததே. அதிலே ஒரு செய்தியின்மேல் மற்றொன்றை எழுதி அழிப்பதில்லை. காலக் குறிப்புடன் புதியதைச் சேர்ப்பது மட்டுமே உண்டு. சென்ற ஆண்டு சித்திரை முதல் நாளிலே இக்கணக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் அது விடை கூறும். அம்மொழியையும் பண்டகத்தையும் பேணிவந்த காக்னிடெக்ட் நிறுவனத்தை 2020-இல் நூபாங்க் விலைக்கே வாங்கிவிட்டது. வணிகர் ஒன்றை நம்புகின்றனர் என்பதற்கு இதனினும் மேலான அடையாளம் வேண்டுமோ?

நம் முன்னோர் அறிந்த பெயர் ஒன்றும் இவ்வரிசையில் உண்டு. ரங்கூனிலே கிளை வைத்திருந்த சார்ட்டர்டு பாங்கியைப் பெரியவர்கள் கேள்வியுற்றிருப்பர். அது 1969-இல் மற்றொரு பாங்கியுடன் கூடி ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு ஆயிற்று. அவ்வங்கி, சந்தைப் பத்திரங்களுக்கு விலை மதிக்கும் நிரல்களை ஹாஸ்கெல் மொழியிலும், அதன் வழியாகத் தானே ஆக்கிக்கொண்ட மூ என்னும் மொழியிலும் எழுதி வருகின்றது. நியூயார்க்கின் ஜேன் ஸ்டிரீட் என்னும் வாணிக நிறுவனம் ஓகாமல் என்னும் மொழியையே தன் தொழில் முழுமைக்கும் கைக்கொண்டுள்ளது.

பணமல்லாத துறையிலும் ஒன்று கூறுவோம். சுவீடன் நாட்டு எரிக்ஸன் நிறுவனத்திலே தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1986-ஆம் ஆண்டளவில் ஜோ ஆம்ஸ்டிராங் முதலியோர் எர்லாங் என்னும் மொழியை ஆக்கத் தொடங்கினர். அதன் அமைப்பை உங்களுக்கு விளக்குதல் எளிது. ரங்கூனில் ஒரு கடை, பினாங்கில் ஒரு கடை, கொழும்பில் ஒரு கடை. ஒவ்வொரு மேலாளுக்கும் தனிப் பேரேடு. ஒருவர் ஏட்டை மற்றவர் தொடமாட்டார். செய்தி வேண்டின் கடிதம் எழுதுவர். ஒரு கடையில் இடர் நேரின் அக்கடையை மூடித் திறக்கலாம்; ஏனைய கடைகள் நடந்துகொண்டேயிருக்கும். எர்லாங் நிரலுள் இத்தகைய சிறு கடைகள் இலக்கக் கணக்கில் ஒரே பொறியில் இயங்கும். வீழ்ந்ததை மீண்டும் எழுப்ப மேற்பார்வையாளரும் உண்டு. நீங்கள் நாள்தோறும் குழந்தைகளின் படங்களைச் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பும் வாட்ஸ்அப் இம்மொழியின்மீது எழுந்தது. 2014 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம் அதனை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபொழுது, அதனைப் பயன்படுத்தியோர் 45 கோடி. அதனை நடத்திய பொறியியலாளரோ முப்பத்திருவர் அளவினரே.

இந்நடையின் வேர் வாணிகத்தில் இல்லை, கணிதத்தில் இருக்கின்றது. 1930-களில் அலோன்சோ சர்ச் என்னும் அமெரிக்கர், கணினி தோன்றுமுன்னரே, விதிகளைக் கொண்டு விதிகளை ஆக்கும் லாம்டா கணிதத்தை வகுத்தார். 1958-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். 1977-ஆம் ஆண்டின் டியூரிங் பரிசு பெற்ற ஜான் பேக்கஸ், ஏவல் நடைக்குப் பெயர்பெற்ற ஃபோர்டிரான் மொழியைத் தந்தவர். அவரே பரிசேற்புரையில் அந்நடையின் குறைகளை எடுத்துரைத்துச் செயற்கூற்று நடையை வேண்டினார். தம் நூலுக்குத் தாமே மறுப்பெழுதும் ஆசிரியரை நம் புலவருள்ளும் அரிதாகவே காண்கின்றோம். ஹாஸ்கெல் 1990-இல் வெளிவந்தது.

கடல் கடந்த செய்திகள் போதும், அருகிலே வருவோம். 2012-இல் பெங்களூரில் தொடங்கிய ஜஸ்பே என்னும் நிறுவனம், இணையக் கடைகளிலே நாம் செலுத்தும் பணம் வங்கிக்குச் சென்று சேரும் வழியை அமைப்பது. அது தன் நிரல்களை ஹாஸ்கெல் மொழியிலும், அதன் உறவாகிய பியூர்ஸ்கிரிப்ட் மொழியிலும் எழுதி வருவது. அந்நிறுவனத்தாரிடமிருந்து 2022 நவம்பரில் 'நம்ம யாத்ரி' என்னும் ஆட்டோ அழைப்புச் செயலி வந்தது. பயணி கொடுக்கும் கூலியிலே பங்கு கொள்ளாமல், ஓட்டுநரிடம் சிறு கட்டணம் மட்டும் பெறும் ஏற்பாடு அதனுடையது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம். பின்னின்று இயக்கும் பகுதி ஹாஸ்கெல். அச்செயலி பின்னர்த் தனி நிறுவனமாகப் பிரிந்து, மூவிங் டெக் என்னும் பெயர் பெற்றது. 2025 செப்டம்பர் 22-இல் சென்னையிலே தொடங்கிவைக்கப்பட்ட 'சென்னை ஒன்' செயலியும், பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் மூன்றிற்கும் ஒரே இடத்திற் சீட்டுப் பெறுவதற்காக, அந்நிறுவனத்தார் ஆக்கிக்கொடுத்ததே. ஆகவே, 'இவையெல்லாம் அயல்நாட்டார் விளையாட்டு' என்று இனி எவரும் கூறுதற்கில்லை. எம் வகுப்பில் மனப்பாடம் செய்யப்பட்ட அந்த முதற் பாடம், பெங்களூரிலே ஆட்டோவை அழைத்துக்கொண்டிருக்கின்றது.

இவ்வளவு நன்மையுடையதாயின் உலகமெல்லாம் ஏன் இதற்கு மாறவில்லை எனக் கேட்பீர்கள். கேட்கவே வேண்டும். எர்லாங்கைப் பெற்றெடுத்த எரிக்ஸன் நிறுவனத்திலேயே 1998-இல் புதிய ஆக்கங்களுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது எனத் தடை விதித்தனர். உலகோர் பலரும் வழங்கும் மொழியே தக்கது என்பது அவர் எண்ணம். அவ்வாண்டின் இறுதியில் மொழியைப் பொதுவுடைமையாக வெளியிட்டனர். அதனாலேயே அது பிழைத்து வாட்ஸ்அப்பிற்கு உதவிற்று. தடையிட்டவர் அச்சம் முற்றும் பொய்யன்று. ஹாஸ்கெல் அறிந்த ஒருவர் வேலையைவிட்டுச் சென்றால் அவ்விடத்திற்கு மற்றொருவரைத் தேடுதல் எளிதன்று. மேலும், அம்மொழி தேவைப்படும்வரை எதனையும் கணக்கிடாமல் ஒத்திவைக்கும் இயல்புடையது. ஒத்திவைத்தவை மலைபோற் குவிந்து பொறியின் நினைவகத்தை விழுங்குதலும் உண்டு. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியார் தம் மூ மொழியில் அவ்வியல்பை நீக்கிவிட்டனர். சொல்வதைப் பிறர்க்கு விளங்காத கலைச்சொற்களாற் சொல்லும் பழக்கமும் இத்துறையாரிடம் மிகுதி. மோனாட் என்னும் சொல்லை எமக்கு விளக்க எம் மாணாக்கர் ஒரு கோடை விடுமுறை முழுதும் முயன்றார். பண்டிதர்களைக் கடுநடையினர் என்று பழிப்போர் இவர்களையும் ஒருமுறை காணல் நன்று.

அம்மாணாக்கரின் கதையிலும் இவ்விடர் நேர்ந்தது. வளையல் நிகழ்ச்சியால் மனம் நொந்த அவர், இனி எல்லாவற்றையும் ஹாஸ்கெலிலேயே எழுதுவது எனச் சூள் உரைத்து அமர்ந்தார். மூன்று திங்கள் கழிந்தன. அச்சுப்பொறி பேசவில்லை, தோழருக்கு மொழி பிடிபடவில்லை, மற்றொரு கடைக்காரர் காத்திருந்து சலித்து வேறிடம் சென்றார். அறை வாடகை மட்டும் தவறாமல் வந்தது. எம்மிடம் வந்தபொழுது, யாம் கணினியை விட்டுவிட்டு அவர் வீட்டைப் பற்றிக் கேட்டோம். "தம்பி, உங்கள் வீட்டில் வருவோர் போவோர் எங்கே இருப்பர்?" "முகப்பில், ஐயா." "நகையும் பத்திரமும்?" "உள்கட்டில்." "முகப்பையே இடித்துவிட்டு உள்கட்டு மட்டும் கட்டுவார் உண்டோ?" அவர் சிரித்தார். பின்னர் எமக்குத் தெரிந்தது, அத்துறை அறிஞரும் இதனையே கூறுகின்றனர் என்பது. அச்சிடல், பணம் வாங்கல், நாளைக் கேட்டல், கோப்பில் எழுதல் ஆகிய புறவினைகளையெல்லாம் முகப்பிலே நிறுத்துக. கணக்கைக் காணும் விதிகளை உள்ளே தூயனவாக வைக்க. ஹாஸ்கெல் மொழி இதனைத் தன் இலக்கணமாகவே விதிக்கின்றது. புறவினை செய்யும் கூறு அதற்குரிய அடையாளத்தைத் தன் வகையிலேயே ஏந்தி நிற்றல் வேண்டும். பிற மொழிகள் பலவற்றில் அவ்விதி இல்லை. எழுதுவோர் தாமே காத்துக்கொள்ளலாம்.

அவர் பழைய பைத்தான் நிரலையே எடுத்து, வட்டிக் கூறை மட்டும் புதிதாக எழுதினார். முதல், அடகு வைத்த நாளின் வீதம், திங்கள் ஆகிய மூன்றையும் வெளிப்படையாகக் கையிற் பெறும், விடை கூறும், வேறொன்றையும் தொடாது. கடனை இனித் திருத்துவதில்லை. அடகு, பகுதிச் செலுத்தல், மீட்பு என்று பதிவுகளைச் சேர்த்துச் செல்வதே உண்டு. இருப்பை அப்பதிவுகளிலிருந்து காண்பர். ஆறு நாள் வேலை. நாற்பது வரி.

தூயதாக எழுதியதால் மற்றொரு நன்மையும் கைகூடிற்று. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் கோயன் கிளாசன், ஜான் ஹியூஸ் இருவரும் 2000-ஆம் ஆண்டளவில் ஹாஸ்கெல் மொழிக்கென ஒரு சோதனை முறை வகுத்தனர். குவிக்செக் என்பது அதன் பெயர். ஒவ்வொரு கணக்காக நாம் சோதிப்பதில்லை. விதிக்கு இருக்க வேண்டிய பண்பை மட்டும் எழுதிவைத்தால், கணினியே மனம்போன எண்களை நூற்றுக்கணக்கிற் கொடுத்து அதனை முறியடிக்க முயலும். இம்முறை இப்பொழுது பைத்தானுக்கும் வந்துவிட்டது. எம் மாணாக்கர் எழுதிய பண்பு இது: 5 திங்களுக்கும் 3 திங்களுக்கும் தனித்தனியே வட்டி கண்டு கூட்டினும், 8 திங்களுக்கு ஒருங்கே காணினும் தொகை ஒன்றாதல் வேண்டும். நொடிப்பொழுதில் கணினி 'இல்லை' என்றது! 10,002 ரூபாய்க்கு 1.25 வீதத்தில் 5 திங்கள் வட்டி 625.125, அரைப் பைசாவை மேலேற்றினால் 625.13. 3 திங்களுக்கு 375.075, ஏற்றினால் 375.08. கூட்டினால் 1,000.21. ஒருங்கே கண்டாலோ 1,000.20. ஒரு பைசா வேற்றுமை. அந்த ஒரு பைசாவை அவர் எமக்குக் காட்டியபொழுது அவர் முகத்திலிருந்த ஒளி, பரீட்சையிலே முதன்மை பெற்ற நாளிலும் இருந்ததில்லை. இப்பொழுது வட்டியை முழுமையாகக் கண்ட பின்னரே, பணம் கைம்மாறும்பொழுது ஒருமுறை மட்டும் பைசாவைச் சரிசெய்கின்றனர்.

இனிச் செயலாளர் அவர்களின் வினாவிற்கு நேரே வருவோம். ஹாஸ்கெல் மட்டும் கற்றவர்க்கு வேலை தரும் நிறுவனங்கள் சிலவே. அதனை மறைத்துக் கூறுதல் பெற்றோர்க்கு இழைக்கும் தீங்கு. ஜாவா, பைத்தான் இன்றி இளைஞர் புறப்படுதல் வேண்டா. ஆயின் அம்மொழிகளுள்ளும் இந்நடை புகுந்துவிட்டது. 2014-இல் வந்த ஜாவா எட்டாம் பதிப்பு லாம்டாவை ஏற்றுக்கொண்டது. பல்லாயிரம் பொறிகளிலே ஒரே கணக்கைப் பிரித்துச் செய்யக் கூகுள் நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட முறையும் லிஸ்ப் மொழியின் இரண்டு விதிகளைப் பார்த்து அமைத்ததே. கடைகளிலும் அலுவலகங்களிலும் நம்மவர் நாள்தோறும் திறக்கும் எக்செல் தாளும் செயற்கூற்று நடையினதுதான்: ஒரு கட்டத்தில் எழுதிய வாய்பாடு பிற கட்டங்களைப் பார்த்து விடை தரும், அவற்றை அழிக்காது. ஹாஸ்கெலை ஆக்கியோருள் ஒருவரான சைமன் பேட்டன் ஜோன்ஸ் இதனை நெடுங்காலம் வற்புறுத்தி வந்தார். 2020 டிசம்பரில் எக்செலுக்கும் லாம்டா வந்து சேர்ந்தது. வாய்பாட்டை இழுத்துத் தாள் முழுதும் நிரப்பும் தாய்மார்கள் பலர் இங்கே இருக்கின்றீர்கள். நீங்கள் இந்நடையிலே பழகியவர்களே.

எல்லா நிரலையும் இவ்வாறு எழுதுக என்று யாம் கூறவில்லை. பொறியின் உறுப்புகளை நேரே இயக்குமிடத்தும், படங்களை விரைந்து வரையுமிடத்தும் ஏவல் நடையே ஏற்றது. பிறர் பணத்தை எண்ணுமிடத்தில் மட்டும், நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்லாத விதி வேண்டும் என்கின்றோம். அதனைக் கற்கப் பெங்களூர் செல்ல வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் முதற் பாடத்தை, மதிப்பெண்ணை மறந்து, ஒருமுறை படித்தால் தொடங்கிவிடலாம்.

இவ்வாண்டு கணினியாசிரியருடைய இசைவு பெற்று, வாரத்திற்கு ஒரு வேளை யாமும் அவ்வகுப்பிற்குச் செல்கின்றோம். புணர்ச்சி விதிகளைப் பிள்ளைகள் செயற்கூறுகளாக எழுதி வருகின்றனர். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் தனித்தனியே எழுதிக் கோத்திருக்கின்றனர். 'மரவேர்' வந்துவிட்டது, 'பொற்குடம்' வந்துவிட்டது. சென்ற வாரம் 'பொன் பெரிது' என்பதற்குக் கணினி 'பொற்பெரிது' என்று விடை தந்தது, வகுப்பே சிரித்தது. பின்வரிசையிலிருந்த ஒரு பெண் குழந்தை மட்டும் சிரிக்காமல், "ஐயா, இது வேற்றுமையா அல்வழியா என்று அதற்கு யார் சொன்னார்?" என்று கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது உள்ளீட்டைச் சேர்க்கும் வேலை அடுத்த வாரத்திற்கு இருக்கின்றது.